கதவில்லாத காடி

இங்கிலாந்துக்குப் போய்வந்தேன் என்று சொன்னதும் தோட்டத்துப் பழைய நண்பர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அரண்மனையைப் பார்த்தீர்களா?" பார்த்தேன். கம்பி வேலிக்கு வெளியே கால் மணி நேரம் நின்று பார்த்தேன். மழை பிடித்துக்கொண்டது, திரும்பிவிட்டேன். மற்றபடி 2023ஆம் ஆண்டு அங்கே நான் தங்கியிருந்த மூன்று மாதத்தில், பகல் பொழுதில் பெரும்பாதியை ஒரு கார்க் கொட்டகையில்தான் கழித்தேன். கையில் கிரீஸ், காலுக்கடியில் பழைய கம்பளம், பக்கத்தில் ஆறிப்போன தேநீர். அந்தக் கொட்டகையைப் பற்றித்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

லண்டனுக்குத் தென்கிழக்கே, தேம்ஸ் நதி கடலை நோக்கி அகலமாகிப் போகும் இடத்தில் டார்ட்ஃபோர்டு என்ற ஊர் இருக்கிறது. கென்ட் மாவட்டம். நதிக்குமேல் 1991இல் திறந்த பெரிய பாலம், அதன்மேல் இரவு பகலாக லோரிகள். அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் என் அண்ணன் மகன் குடியிருக்கிறான். ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலை. நான் விமானம் ஏறுமுன் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "நீயாவது அவனுக்குப் புத்தி சொல்லு. வீட்டுக்கு முன்பணம் கட்ட வைத்திருந்த காசில் காடி வாங்கியிருக்கிறான். காடியில் கதவு இல்லையாம். கூரை இல்லையாம். அதையும் இவனேதான் பூட்டணுமாம். பூட்டுகிற கூலியை அவர்கள் கொடுக்கணுமா, இவன் கொடுக்கணுமா?"

அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி என்றுதான் எனக்கும் பட்டது. ஆக, நான் போனது பஞ்சாயத்துப் பேச.

போய்ப் பார்த்தால் காடியே இல்லை. கொட்டகை நிறைய அட்டைப் பெட்டிகள். நடுவில் நான்கு தாங்கிகள்மேல் இரும்புக் குழாய்களால் ஆன ஒரு நீள எலும்புக்கூடு. அதன்மேல் அலுமினியத் தகடு போர்த்தியிருந்தது. ஒரு பெட்டியில் விளக்குகள், ஒன்றில் ஸ்டியரிங், ஒன்றில் பை பையாக நட்டும் போல்ட்டும். எஞ்சின் தனியாக ஒரு மரப்பலகைமேல் உட்கார்ந்திருந்தது. பஞ்சாயத்தை நாளைக்குப் பேசலாம் என்று சட்டைக் கையை மடித்துவிட்டேன். முப்பத்திரண்டு வருஷம் தோட்டத்துப் பட்டறையில் லோரியும் டிராக்டரும் பார்த்த கை, சும்மா இருக்குமா?

வரிக்குப் பிறந்த வழக்கம்

காரைப் பெட்டியில் போட்டு விற்கும் இந்த வழக்கம் எப்படி வந்தது தெரியுமா? வரியால் வந்தது.

லண்டனின் வடக்குப் பக்கம் ஹார்ன்சி என்ற பகுதியில், ரயில்வே ஹோட்டல் என்ற விடுதியைக் காலின் சாப்மன் என்ற இளைஞரின் தந்தை நடத்திவந்தார். அந்த விடுதிக்குப் பின்னால் ஒரு பழைய குதிரைத் தொழுவம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கட்டடப் பொறியியல் படித்த சாப்மன், பழைய ஆஸ்டின் செவன் கார் ஒன்றைப் பிரித்து மேய்ந்து, 1948இல் பந்தயத்துக்கு ஏற்றபடி கட்டினார். அதுதான் முதல் 'லோட்டஸ்'. நம் தாமரைதான், வேறல்ல. ஏன் அந்தப் பெயர் என்று அவர் கடைசிவரை யாருக்கும் விளக்கியதில்லை என்பார்கள். 1952இல் அந்தத் தொழுவத்திலேயே கம்பெனியாகத் தொழில் தொடங்கினார்.

அப்போது இங்கிலாந்தில் புதுக் கார் வாங்கினால் கடுமையான கொள்முதல் வரி உண்டு. ஆனால் உதிரிப் பாகங்களாக வாங்கினால் அந்த வரி கிடையாது. 1957இல் சாப்மன் 'லோட்டஸ் செவன்' என்ற சின்னஞ்சிறு காரைக் கொண்டுவந்தபோது, அதை உதிரியாகவே பெரும்பாலும் விற்றார். வார நாளில் வேலைக்குப் போகிற சாதாரண இளைஞன் சனி ஞாயிறில் வீட்டில் வைத்துப் பூட்டிக்கொள்ளலாம்.

அரசாங்கம் இதில் ஒரு முடிச்சுப் போட்டது. எப்படிப் பூட்டுவது என்ற குறிப்புப் புத்தகத்தைக் கூடவே கொடுத்தால் அது முழுக் கார் விற்றதற்குச் சமம், வரி கட்டு என்றார்கள். சாப்மன் என்ன செய்தார் தெரியுமா? காரை எப்படிப் 'பிரிப்பது' என்று ஒரு குறிப்பு எழுதிப் பெட்டியில் போட்டார். வாங்கியவன் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் படித்துக்கொள்ள வேண்டியதுதான்! இதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி சன்னலைத் திறந்து பார்த்தார்.

1973இல் பழைய வரி போய் மதிப்புக் கூட்டு வரி வந்தது. உதிரிக்கும் அந்தச் சலுகை போயிற்று. லோட்டஸ் கம்பெனியும் பெரிய கார்களின் பக்கம் திரும்பிவிட்டது. அந்த ஆண்டே செவன் காரைச் செய்யும் உரிமையைக் கிரஹம் நியர்ன் என்பவரின் கேட்டர்ஹாம் கார்ஸ் நிறுவனம் வாங்கிக்கொண்டது. சலுகை போனாலும் வழக்கம் போகவில்லை. இன்றைக்கும் அதே உருவத்தில், பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். கேட்டர்ஹாம் என்பது சர்ரே மாவட்டத்தில் மேட்டின்மேல் இருக்கும் ஊர். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம்: கடைத்தெரு, தேவாலயம், நாயோடு நடக்கும் முதியவர்கள். பெயர் மட்டும்தான் அங்கே. உற்பத்தி 1987இலிருந்து டார்ட்ஃபோர்டில்.

இதில் நம் நாட்டுத் தொடர்பும் உண்டு. 1996இல் லோட்டஸ் கம்பெனியை வாங்கியது நம் புரோட்டோன். சாத்ரியா ஜி.டி.ஐ. காரின் பின்பக்கம் லோட்டஸ் பெயர் பொறித்த வில்லை ஒட்டியிருந்ததை உங்கள் வீட்டுப் பையன்களைக் கேட்டால் சொல்வார்கள். 2017இல் லோட்டஸின் பெரும்பங்கு சீனாவின் கீலி கைக்குப் போனது. கேட்டர்ஹாமையும் நம் ஏர் ஏசியா டோனி பெர்னாண்டஸ் 2011இல் வாங்கினார். 2021இலிருந்து அது ஒரு ஜப்பானிய நிறுவனத்துடையது. ஆகப் பத்து ஆண்டு, இந்தப் பெட்டிக் காரின் முதலாளி ஒரு மலேசியர். அண்ணனிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். "அதற்காக நாம் வாங்கணுமா?" என்றார்.

கனமும் உறுதியும்

அண்ணன் மகன் எடுத்த வகையில் ஃபோர்டு 2 லிட்டர் எஞ்சின். முழுவதும் பூட்டி முடித்தால் காரின் எடை 560 கிலோ அளவுதான். இதைவிடச் சின்னதாக, 660 சி.சி. சுசூக்கி எஞ்சினோடு ஒரு வகையும் உண்டு. எடை 440 கிலோ. 660 சி.சி. என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? நம் கஞ்சில்தானே! ஆனால் கஞ்சிலுக்குக் கதவு உண்டு, கூரை உண்டு, பின்னால் மூன்று பிள்ளைகளும் ஒரு கோணி அரிசியும் உண்டு.

முதல் வாரம் எனக்கும் அவனுக்கும் வாக்குவாதம்தான். நான் பழகிய தொழில் என்ன? செம்பனைக் குலை ஏற்றுகிற டிரெய்லரில் ஓரிடம் விரிசல் கண்டால், மேலே ஒரு தகடு வைத்துப் பற்றவைப்போம். ஸ்பிரிங் பட்டை தொய்ந்தால் இன்னொரு பட்டை சேர்ப்போம். கனமாக இருந்தால் உறுதி. இதுதான் எங்கள் பட்டறை வேதம். இங்கே குழாயைத் தட்டிப் பார்த்தால் தகர டப்பா போலச் சத்தம் வருகிறது. "இதற்கு அடியில் ஒரு நல்ல இரும்புத் தகடு போடலாமே?" என்றேன்.

"வேண்டாம் சித்தப்பா. ஒரு கிலோ கூடினால் பிரேக் அந்த ஒரு கிலோவையும் சேர்த்து நிறுத்தணும், டயர் அதையும் சேர்த்துத் திருப்பணும். அதற்குப் பெரிய பிரேக் போடணும், அதற்குத் தடித்த தண்டு போடணும். அப்புறம் இது சாதாரணக் காடி ஆகிவிடும்."

"அப்படியென்றால் உறுதி எங்கேயிருந்து வருகிறது?"

அவன் ஒரு குறுக்குக் குழாயைக் காட்டினான். பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. உங்கள் வீட்டுப் பின்புறத்துப் பலகைக் கதவை நினைத்துப் பாருங்கள். நான்கு பலகையைச் சட்டமாக அடித்தால் ஆறு மாதத்தில் ஒரு மூலை தொங்கும். மூலைக்கு மூலை குறுக்காக ஒரு சின்னக் கட்டையை அடித்துவிடுங்கள். பத்து வருஷம் நிற்கும். நான்கு பக்கம் உள்ளது சாயும், மூன்று பக்கம் உள்ளது சாயாது. சாப்மன் கட்டடப் பொறியியல் படித்தவர் என்று சொன்னேனே, அந்தப் படிப்பைத்தான் காரில் வைத்தார். சட்டகம் முழுவதும் முக்கோணங்கள். மெல்லிய குழாய், ஆனால் சுமை வருகிற இடமெல்லாம் ஒரு முக்கோணம் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் முழுப் புகழ்ச்சியும் பாட எனக்கு மனம் வரவில்லை. சாப்மன் கட்டிய பந்தயக் கார்கள் உலகப் பட்டங்களை அள்ளின. அதே சமயம், அவை அளவுக்கு மீறி மெல்லியவை என்ற பேச்சும் ஓட்டுநர்களிடையே இருந்தது. 1970 செப்டம்பரில் இத்தாலியின் மோன்சாவில், பந்தயத்துக்கு முந்திய ஓட்டத்தில் யோகன் ரின்ட் என்ற வீரர் லோட்டஸ் காரில் இறந்தார். முன் பிரேக்கின் தண்டு ஒன்று முறிந்ததே தொடக்கம் என்று கருதப்படுகிறது. அந்த ஆண்டின் உலகப் பட்டத்தை அவர் இறந்த பிறகுதான் அவருக்குக் கொடுத்தார்கள். சாப்மனும் 1982இல், 54 வயதிலேயே மாரடைப்பில் போய்விட்டார். கனமான வண்டி நம் சோம்பலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். லோரியில் ஐந்து போல்ட்டில் ஒன்று தளர்ந்தால் மற்ற நான்கும் இழுத்துக்கொண்டு போகும். இந்தக் காரில் அந்த உபரி நான்கு கிடையாது. இருப்பது ஒன்றுதான், அது தளரக்கூடாது.

மஞ்சள் கோடு

அதனால் இங்கே ஒரு முறை உண்டு. முக்கியமான நட்டு எதுவானாலும், எவ்வளவு இறுக்கவேண்டும் என்று கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு வந்ததும் 'கிளிக்' என்று சத்தம் போடும் டார்க் ஸ்பானரால் இறுக்கவேண்டும். உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டுகள். ஒருமுறை கழற்றினால் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போடவேண்டும். இறுக்கி முடித்ததும் நட்டின்மேலும் பக்கத்து இரும்பின்மேலும் சேர்ந்தாற்போல் ஒரு மெல்லிய மஞ்சள் சாயக் கோடு. பிறகு குனிந்து பார்த்தாலே போதும். கோடு நேராக இருந்தால் நட்டு அசையவில்லை. உடைந்து இரண்டாகத் தெரிந்தால் அசைந்திருக்கிறது.

முதல் கோடு அவன் போட்டபோது நான் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டேன். என்ன சித்தப்பா என்றான். இவ்வளவு காலம் அவனிடம் சொல்லாததைச் சொன்னேன். உங்களிடமும் சொல்கிறேன்.

1981இல், பேராக்கில் நான் இருந்த தோட்டத்தில், காலையில் ஆட்களை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றித்தான் வேலைக்காட்டுக்குக் கொண்டுபோவார்கள். உங்களில் எத்தனையோ பேர் அப்படிப் போயிருப்பீர்கள். டிராக்டரையும் டிரெய்லரையும் சேர்ப்பது ஒரு தடித்த ஊசி. அந்த ஊசி மேலே எழும்பாமல் இருக்க அடியில் ஒரு ஸ்பிலிட் பின். விரல் நீளக் கம்பி, விலை சில காசு. அன்று காலை அந்த இடத்தில் பின் இல்லை, யாரோ ஓர் ஆணியை வளைத்துச் செருகியிருந்தார்கள். நான் பார்த்தேன். மணி ஐந்தே முக்கால், ஆட்கள் ஏறிவிட்டார்கள், மண்டோர் சத்தம் போடுகிறார். திரும்பி வந்ததும் மாற்றலாம் என்று விட்டுவிட்டேன். மேட்டில் ஏறும்போது ஆணி விழுந்து ஊசி எழும்பி, டிரெய்லர் பின்னோக்கி ஓடிக் கால்வாயில் சாய்ந்தது. பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சிராய்ப்பு. ஓர் அக்காவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பிறகு அவர் குலை தூக்கவில்லை; உதிரிப் பழம் பொறுக்கித்தான் பிள்ளைகளை வளர்த்தார். காகிதத்தில் 'பாதை வழுக்கல்' என்று எழுதினார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சாயப் புட்டியையும் தூரிகையையும் என் கையில் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து கோடு போடுவது என் வேலை.

அரிசி மூட்டை ஓட்டுநர்

பூட்டி முடிக்கச் சுமார் நூறு மணி நேரம் ஆயிற்று. நடுவில் வேடிக்கையும் நடந்தது. நான்கு சக்கரத்திலும் பாரம் சரியாக விழுகிறதா என்று பார்க்கவேண்டும். நாற்காலியின் நான்கு காலில் ஒன்று குட்டையானால் ஆடுகிறதல்லவா, அதே சங்கதி. சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு தராசு வைத்து, எடை கூடின மூலையில் ஸ்பிரிங்கின் அடித்தட்டைத் திருகி இறக்கவேண்டும். ஆனால் 560 கிலோ காரில் ஓட்டுகிறவன் ஏறினால் எட்டில் ஒரு பங்கு அளவு பாரம் கூடிவிடும். ஆகவே அவன் உட்கார்ந்த நிலையில்தான் அளக்கவேண்டும். அவன்தான் அடியில் படுத்துத் திருகப் போகிறவன். நான் உட்காரலாம் என்றால், என் எடையைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கடைசியில் தமிழ்க் கடையிலிருந்து பத்துக் கிலோ அரிசி மூட்டை ஏழு வாங்கி வந்து இருக்கையில் அடுக்கி, வாரையும் மாட்டினோம். அந்த அரிசியைத்தான் நான் திரும்பும் வரை சாப்பிட்டோம்.

மாற்றம் செய்கிறேன் என்று கண்டதையும் வாங்கி மாட்டுகிற ஆசை இந்தக் கார்க்காரர்களுக்கு உண்டு. பெரிய புகைக்குழாய், அகல டயர், கரியிழைத் தகடு என்று பத்திரிகை முழுக்க விளம்பரம். என் அனுபவத்தில் பயன்பட்டவை சின்னச் சின்னக் காரியங்கள்தான். முன்சக்கரம் வாரியடிக்கும் கல் பின் மட்கார்டைக் கொத்தாமல் இருக்கக் கெட்டியான பிளாஸ்டிக் தாள் ஒட்டினோம். அலுமினியமும் இரும்பும் நேராக உரசுகிற இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து அரித்துவிடும். அங்கங்கே இடையில் பசை பூசினோம். பனிக்காலத்தில் அந்த நாட்டுச் சாலைகளில் உப்புத் தூவுகிறார்கள், பனி உருகுவதற்காக. அது குழாய்ச் சட்டகத்துக்கு விஷம். ஒரு சாயப் பொறுக்கு பெயர்ந்தாலும் அங்கே துரு புகும். ஆகவே பலர் குளிர் முழுக்க வண்டியை எடுக்காமல் மூடிவைக்கிறார்கள். டயர் காற்று நம் கார்களுக்கு 30 வைத்துப் பழகிய எனக்கு, இதற்கு 18, 20 போதும் என்றபோது நம்பவே முடியவில்லை. கூட அடித்தால் இவ்வளவு லேசான வண்டி பந்துபோலத் துள்ளும்.

வீட்டில் பூட்டிய காருக்கு அங்கே ஐ.வி.ஏ. என்று ஒரு தனிச் சோதனை. நம் ஊர்ப் புஸ்பகோம் சோதனை லோரிக்காரர்களுக்குத் தெரியும், அதைவிட நுணுக்கம். பிரேக், விளக்கு, புகை பார்ப்பது இருக்கட்டும். வெளியே நீட்டியிருக்கும் விளிம்பு எதுவும் 2.5 மில்லிமீட்டர் வளைவுக்குக் குறைந்து கூராக இருக்கக்கூடாது. வழியில் போகிறவர்மேல் பட்டால் கிழிக்குமாம். முதல் தடவை ஒரே ஒரு போல்ட்டு முனைக்கு மூடி போட மறந்ததால் திருப்பி அனுப்பினார்கள். மூடியின் விலை காபிக் காசுகூட இல்லை. அவனுக்குக் கோபம். எனக்கு, அப்படிப் பார்க்க ஓர் ஆள் இருப்பதே பெரிதாகப் பட்டது. இரண்டாம் தடவை தேறியது. நம்பர் பலகையும் வந்தது.

ஹாப் தோட்டத்து லயங்கள்

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, பிராண்ட்ஸ் ஹாட்ச் என்ற பந்தயத் திடலைப் பார்க்கப் புறப்பட்டோம். காரில் ஏறுவதே ஒரு வித்தை. கதவு கிடையாது, இருக்கையின்மேல் நின்று காலை உள்ளே நீட்டிச் சறுக்கவேண்டும். உட்கார்ந்தால் தரை எவ்வளவு பக்கம் தெரியுமா? கையைத் தொங்கவிட்டால் தார் ரோடு விரலில் படும். எதிரே லோரி வந்தால் அதன் சக்கர நட்டு நம் கண்ணுக்கு நேராக வருகிறது. முன்சக்கரங்கள் வெளியே நின்று மேடு பள்ளத்துக்கு எம்பி எம்பி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். காலடியில் பெடல்கள் ஒட்டி ஒட்டி இருப்பதால் ஓட்டுகிறவன் ஒடுக்கமான சப்பாத்து போடவேண்டும். பவர் ஸ்டியரிங் கிடையாது. சாலையில் கிடக்கிற சின்னக் கல்லும் கைக்குத் தெரியும்.

டேரண்ட் என்ற சிற்றாற்றின் ஓரமாகப் பாதை. ஐன்ஸ்ஃபோர்டு என்ற கிராமத்தில் ஆறு சாலையைக் குறுக்கே கடக்கிறது. பெரிய வண்டிகள் தண்ணீரிலேயே இறங்கிப் போகின்றன. எங்கள் கார் இறங்கினால் நாங்கள் நனைவோம். பக்கத்துக் கல் பாலத்தில் மெல்ல ஏறிப் போனோம்.

வழியில் வட்டமான செங்கல் கட்டடங்கள், தலையில் வெள்ளைக் கூம்பு. கோயில் போலும் இல்லை, வீடு போலும் இல்லை. ஹாப் என்ற கொடியின் காயை உலர்த்திய சூளைகள் அவை. பீருக்குக் கசப்புச் சேர்ப்பது அந்தக் காய்தான். கென்ட் முழுவதும் ஒரு காலத்தில் ஹாப் தோட்டங்கள். கோடை முடிகிற சமயம் லண்டனின் ஏழைக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் பிள்ளை குட்டிகளோடு வந்து காய் பறிப்பார்கள். குடும்பத்துக்கு ஓர் அறை என்று வரிசைக் குடிசைகள். கூலி நாளுக்கு அல்ல, கூடைக் கணக்குக்கு. அளக்க வருகிறவர் காயை அமுக்கி அளக்கிறார் என்று பறிக்கிற பெண்கள் சண்டை போடுவார்களாம். இதையெல்லாம் அண்ணன் மகன் ஏதோ வேடிக்கைபோலச் சொல்லிக்கொண்டு வந்தான். எனக்கு வேடிக்கையாக இல்லை. லயமும் கிராணியும் தராசும் நமக்கு மட்டும் என்று நினைத்திருந்தேனே! இயந்திரம் வந்து அந்தக் கூட்டம் நின்றுவிட்டது. சூளைகளை இப்போது வசதியானவர்கள் வீடாக மாற்றி வாங்குகிறார்கள். குடிசைகளை அதிகம் காணோம்.

பிராண்ட்ஸ் ஹாட்ச் ஒரு கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கு. 1964 முதல் 1986 வரை ஒன்றுவிட்டு ஒரு வருஷம் பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ அங்கே நடந்தது. சுற்று வட்டத்தில் சிறியது 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முதல் வளைவிலேயே பாதை மலைச்சரிவு போலக் கீழே விழுகிறது. நாங்கள் ஓட்டப் போகவில்லை, பார்க்கத்தான் போனோம். 1995இலிருந்து கேட்டர்ஹாமில் ஒரு திட்டம் நடக்கிறது: பந்தயமே ஓட்டியறியாதவர்கள் தங்கள் காரைத் தாங்களே பூட்டி, தங்களைப் போன்ற புதியவர்களோடு மட்டும் ஓட்டலாம். அவனுக்கு அதில் சேர ஆசை. வேலிக்குப் பக்கத்தில் நின்று வெகுநேரம் பார்த்தான். அவன் அப்பா சொல்லியனுப்பியது என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.

திரும்ப ஏறும்போது பக்கவாட்டுப் புகைக்குழாயில் என் கெண்டைக்கால் பட்டுச் சதை பொசுங்கிவிட்டது. இந்தக் கார் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் அந்தத் தழும்பு உண்டாம். எனக்கும் ஒன்று ஆயிற்று.

ஐந்நூறு மைல் ஓடியதும் முழுச் சோதனை போடவேண்டும். வண்டியைத் தாங்கியில் ஏற்றிவிட்டு, கைவிளக்கோடு நான் அடியில் படுத்தேன். ஒவ்வொரு கோடாகப் பார்த்துக்கொண்டே பின்பக்கம் போனேன். பின்சக்கரங்களைச் சேர்க்கும் குழாயை நடுவில் பிடித்திருக்கும் 'ஏ' வடிவத் தண்டு ஒன்று உண்டு. அதன் சட்டகப் பக்கத்து நட்டில் மஞ்சள் கோடு இரண்டாகப் பிரிந்திருந்தது. அரிசிமணி அகலம்தான். அந்த நட்டை இறுக்கியது அவன் அல்ல, நான். அன்று மாலை தேநீர் வந்ததென்று, டார்க் ஸ்பானரை எடுக்காமல் கைப்பழக்கத்தில் இறுக்கிவிட்டுக் கோட்டைப் போட்டிருக்கிறேன். முப்பத்திரண்டு வருஷக் கைப்பழக்கம்.

"டேய் தம்பி, இங்கே வா," என்றேன். வந்து பக்கத்தில் படுத்துப் பார்த்தான். "நான்தான் அது," என்றேன். "அதற்குத்தானே சித்தப்பா கோடு," என்று சொல்லிவிட்டுப் புது நட்டு எடுக்கப் போனான்.

அன்று ராத்திரி அண்ணனிடம் பேசினேன். பணம் போனது போனதுதான். ஆனால் பையன் வேலை சுத்தம், நம் பட்டறையில் இப்படி ஓர் ஆள் இருந்ததில்லை என்றேன். "நீ புத்தி சொன்னாயா இல்லையா?" என்றார். இன்னும் சொல்லவில்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "காடியில் எத்தனை பேர் உட்காரலாம்?" என்று கேட்டார். இரண்டு பேர் என்றேன். "அடுத்த வருஷம் நான் போனால் எனக்கு இடம் இருக்கிறது," என்றார்.

நான் ஊர் திரும்பி இரண்டு மாதம் கழித்து அவனிடமிருந்து செய்தி வந்தது. இன்னோர் ஐந்நூறு மைல் ஓடியிருக்கிறது. 'ஏ' தண்டின் கோடு நேராக இருக்கிறது. இடது முன்விளக்கின் தாங்கியில் மட்டும் ஒரு கோடு உடைந்திருந்ததாம், இறுக்கிவிட்டானாம். சாயப் புட்டி தீர்ந்துவிட்டது, வேறு வாங்கவேண்டும் என்று எழுதியிருந்தான்.